அந்த நீல நோட்டு என்ன சொல்கிறது?

கேள்வி: மயிலாப்பூரில் கொலு பொம்மையும் பித்தளை விளக்கும் விற்கிறோம். 2019-ல் என் மகனின் நண்பர் வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் வைத்து ஆன்லைன் கடை போட்டுக் கொடுத்தார். இப்போது அவர் பெங்களூரில் வேலையில் இருக்கிறார். கூப்பிட்டால், "எதையும் அப்டேட் பண்ணிடாதீங்க ஆன்ட்டி, எல்லாம் கலைஞ்சிடும்" என்கிறார். உள்ளே நுழைந்தால் 'பிஹெச்பி 7.4 பழையது' என்று ஒரு எச்சரிக்கை வருஷக்கணக்கில் நிற்கிறது. போன நவராத்திரிக்கு முந்தைய வாரம், வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்ட ராத்திரியெல்லாம் தளம் திறக்கவில்லை. 508 என்று ஏதோ வந்தது. பணம் போய்விட்டது, ஆர்டர் வரவில்லை என்று பலர் சண்டை. ஒரே தசாவதார செட்டை இரண்டு பேருக்கு விற்றுவிட்டோம். ஜிஎஸ்டி மாறியபோது பில்லில் வரியை மாற்றத் தெரியாமல் கையால் எழுதிக் கொடுத்தோம். ஒரு நிறுவனத்தார் வந்து பார்த்துவிட்டு, "டெக்னாலஜி பழசு, எல்லாத்தையும் புதுசா எழுதணும்" என்று, மொபைல் ஆப் சேர்த்து நான்கரை லட்சம் சொல்கிறார்கள். செய்யத்தான் வேண்டுமா? எப்போது செய்ய வேண்டும் என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் இருக்கும் பெண், பணம் வந்த மெசேஜையும் ஆர்டரையும் ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். உதவுமா தெரியவில்லை.
— மயிலாப்பூர் வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்:

அன்புள்ள அம்மா,

உதவுமா என்றா கேட்கிறீர்கள்? உங்கள் கடிதத்தைவிட அந்த நீல அட்டை நோட்டுதான் எனக்கு அதிகம் சொன்னது. இருபது வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன். ஆன்லைன் கடைக்காரர்கள் என்னிடம் காட்டுவதெல்லாம் தளத்தைத்தான். பக்கத்தில் கிடக்கும் நோட்டை யாரும் காட்டுவதில்லை. அது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று நினைக்கிறார்கள். கடை எங்கே ஓட்டையாகிறதோ, அங்கேதான் மனுஷக் கை போய் அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் கணக்குதான் அந்த நோட்டு.

முதல் பக்கத்தில் நாலாவது வரி: "கோவை மேடம், தசாவதாரம், 6400, பணம் 7.52க்கு வந்துச்சு, ஆர்டர் கேன்சல்னு காட்டுது." அதே பக்கத்தில் ஒன்பதாவது வரி: "அடையாறு, தசாவதாரம், 6400, ஆர்டர் ஓகே, 9.10." இந்த இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை அம்மாள் அன்று என்ன செய்திருப்பார் என்று பார்ப்போம். பொம்மையைத் தேர்ந்தெடுத்து, யூபிஐ-யை அழுத்தி, ஆப்புக்குப் போய், பின் நம்பர் போட்டிருப்பார். பச்சை டிக் வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பார். அவரைப் பொறுத்தவரை வாங்கியாயிற்று. ஆனால் உங்கள் தளம் இருந்த பிரவுசர் பக்கத்துக்கு அவர் திரும்பி வரவே இல்லை. பணம் வந்த சேதி தளத்துக்கு எட்ட இரண்டு வழி உண்டு. வாங்குகிறவர் அந்தப் பக்கத்துக்குத் திரும்புவது ஒன்று. இன்னொன்று, வாங்குகிறவரின் பணத்தைப் பெற்று உங்களிடம் சேர்க்கும் பேமென்ட் கேட்வே தானாகவே உங்கள் சர்வரைக் கூப்பிட்டு, 'இந்த ஆர்டருக்குப் பணம் வந்தாயிற்று' என்று சொல்வது. அந்த இரண்டாவதற்கு வெப்ஹூக் என்று பெயர். யூபிஐ காலத்தில் முதல் வழியை நம்பிக் கடை நடத்த முடியாது, வெப்ஹூக்தான் உயிர்.

அது உங்கள் சர்வருக்கு வந்து சேரவில்லை. அதனால் ஆர்டர் 'பெண்டிங்' என்றே கிடந்தது. உங்கள் கடையை நடத்தும் வூகாமர்ஸ் மென்பொருளில், பணம் கட்டாத ஆர்டருக்காகச் சரக்கை எத்தனை நிமிஷம் பிடித்துவைப்பது என்று ஒரு அமைப்பு இருக்கிறது. நாம் மாற்றாவிட்டால் அது 60 நிமிஷம். அந்த நேரம் முடிந்ததும் ஆர்டரை ரத்து செய்து, சரக்கை மறுபடி அலமாரியில் வைத்துவிடும். 7.52-க்குப் பணம் கட்டியவரின் தசாவதாரம் 9 மணிவாக்கில் அலமாரிக்குத் திரும்பியது. 9.10-க்கு அடையாற்றுக்காரர் அதை எடுத்துக்கொண்டார். தளம் தன் கணக்கில் சரியாகத்தான் நடந்திருக்கிறது.

சரி, வெப்ஹூக் ஏன் வரவில்லை? அதற்கான விடை உங்கள் 508-ல் இருக்கலாம். ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்குபோட்டுக்கொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் என்று ஒரு பங்கு உண்டு. அது தீர்ந்தால் 508 காட்டும். சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் ஒதுக்கீடு மட்டும் முடிந்திருக்கும். அறுபத்துமூவர் அன்று மாட வீதிக்குள் ஆம்புலன்ஸ் நுழைய முடியாது அல்லவா, அதுபோல அந்த நெரிசலில் கேட்வேயின் அழைப்பும் வெளியே நின்றுவிட்டிருக்கும். சில கேட்வேக்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கும். தொடர்ந்து பதில் இல்லையென்றால் அந்த வெப்ஹூக்கையே அணைத்துவிட்டு ஒரு மெயில் போடும். அந்த மெயில் உங்கள் மகனின் நண்பருடைய பழைய முகவரிக்குப் போயிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆக, தளம் திறக்கவில்லை, பணம் போய் ஆர்டர் வரவில்லை, ஒன்றை இருவருக்கு விற்றோம் என்று நீங்கள் தனித்தனியாக எழுதிய மூன்று புகாரும் ஒரே சங்கிலியாகத் தெரிகின்றன. இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு ரூபாய்க்கு ஒரு டம்மி பொருள் போடுங்கள். போனில் வைஃபையை அணைத்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். யூபிஐ ஆப்பில் டிக் வந்ததும் பிரவுசருக்குத் திரும்பாமல் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கடையின் கணினியில் அந்த ஆர்டரைப் பாருங்கள். 'ப்ராசஸிங்' என்று மாறியிருந்தால் வெப்ஹூக் வேலை செய்கிறது, அன்றைக்குக் கூட்டம்தான் காரணம். 'பெண்டிங்' என்றே நின்றால் அது அணைந்து கிடக்கிறது, அல்லது முதலிலிருந்தே போடவில்லை. விவரம் தெரிந்தவருக்கு அரை நாள் வேலை. இதற்கு நான்கரை லட்சம் கொடுக்காதீர்கள்.

ஹோஸ்டிங்கை மாற்றத்தான் வேண்டும். விபிஎஸ் (சர்வரில் உங்களுக்கென்றே தனியாக ஒதுக்கிய பகுதி) அல்லது வேர்ட்பிரஸுக்கென்றே பராமரித்துத் தருகிற ஹோஸ்டிங், மும்பையிலோ ஹைதராபாத்திலோ இருக்கும் சர்வரில். உங்கள் அளவுக்கு மாதம் சில ஆயிரங்களில் முடியும். 'கேச்சிங் போட்டால் போதும் மேடம்' என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். முன்பே தயாரித்துவைத்த பக்கத்தையே எல்லோருக்கும் காட்டுவதுதான் கேச்சிங். பொம்மைப் பக்கங்களுக்கு அது உதவும். கூடையும் பணம் கட்டும் பக்கமும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் அங்கே செல்லாது, கூட்டத்தில் திணறுவதும் அந்த இடம்தான். காசே இல்லாத வைத்தியம் ஒன்றும் உண்டு. வாட்ஸ்அப் லிங்கை எல்லாக் குரூப்பிலும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். காலையில் இரண்டு, மதியம் இரண்டு, ராத்திரி இரண்டு என்று பிரித்துப் போடுங்கள்.

தளத்தில் இருக்கும் பொம்மைப் படங்களையும் பார்த்தேன். போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி. மரப்பாச்சி பக்கம் ஒன்றிலேயே அறுபது படம். அவற்றைச் சுருக்கி வெப்பி வடிவத்துக்கு மாற்றினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, எடை பத்தில் ஒன்றாகக்கூட இறங்கும்.

அந்த நிறுவனத்தார் 'உங்கள் கூகுள் மதிப்பெண் 38' என்று சிவப்பு வட்டத்தைக் காட்டியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். எல்லோரும் காட்டுவதுதான். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் அந்த வட்டம், சுமாரான ஒரு போனையும் மந்தமான 4ஜி-யையும் பாவனை செய்து ஒரே ஒரு முறை ஓட்டிப்பார்த்த சோதனை. அதற்கு மேலே, நிஜமாகவே வந்துபோனவர்களின் 28 நாள் அனுபவம் இருக்கும். போதிய ஆட்கள் வராத தளத்துக்கு அது காட்டாது. உங்களுக்குக் காட்டினால், பக்கத்தின் பெரிய படம் தெரிய ஆகும் நேரம் 2.5 நொடிக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பழுதுபார்ப்பு. இனிதான் நீங்கள் கேட்ட 'எப்போது'.

"எதையும் அப்டேட் பண்ணிடாதீங்க ஆன்ட்டி." இந்த ஒரு வாக்கியம் போதும் எனக்கு. தளம் மெதுவாக இருப்பதோ, பார்க்கப் பழசாக இருப்பதோ பெரிய அடையாளம் இல்லை. தொடவே பயப்படுகிற நிலைக்குக் கடை வந்துவிட்டது என்றால் மேம்படுத்தும் காலம் தாண்டிவிட்டது. அந்தப் பையன் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவசரத்தில், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமின் கோப்புகளுக்குள்ளேயே கை வைத்து எழுதியிருப்பார். அப்டேட் செய்தால் அவர் எழுதியதெல்லாம் அழிந்துவிடும், அதனால்தான் தடுக்கிறார். உங்கள் பில்லில் 12 சதவீத வரி என்பது அசையாமல் நின்றதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். வூகாமர்ஸில் வரி விகிதத்துக்கென்று தனி அட்டவணையே இருக்கிறது, நீங்களே மாற்றலாம். அதை விட்டுவிட்டு பில் வார்ப்புக்குள் எண்ணாகவே எழுதிவைத்திருக்கிறார் போலிருக்கிறது. 2025 செப்டம்பர் 22-ல் 12, 28 அடுக்குகள் பெரும்பாலான பொருள்களுக்கு நீங்கி 5, 18 என்று ஆனது. நவராத்திரியின் முதல் நாளும் அதுதான். உங்கள் கடைக்கு அதைவிடக் கெட்ட நாள் அமைந்திருக்காது!

உங்கள் தளம் ஓடும் மொழியான பிஹெச்பி 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பர் 28-உடன் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் எந்த ஓட்டையையும் அதை உருவாக்கியவர்கள் அடைக்க மாட்டார்கள். 'எங்களை யார் வந்து ஹேக் பண்ணப் போறா' என்று நினைக்கலாம். ஆளைப் பார்த்து யாரும் வருவதில்லை. பழைய பதிப்பு எங்கெல்லாம் ஓடுகிறது என்று தேடித் திரிவது இயந்திரம். மஜெண்டோ 1 என்ற கடை மென்பொருளுக்கு 2020 ஜூன் 30-ல் ஆதரவு நின்றது. அந்த செப்டம்பரில் ஒரே வார இறுதியில் ஏறத்தாழ 2,000 கடைகளில் திருட்டு நிரல் புகுந்தது. வாங்குகிறவர் கார்டு எண்ணை டைப் செய்யும்போதே அது உருவிக்கொண்டு போனது. 'கார்டு விவரத்தை நாங்க சேமிக்கறதே இல்லையே' என்பது இதற்குப் பதிலாகாது. 2022 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி வியாபாரிகள் யாருமே சேமிக்கக் கூடாது. அப்படியும் தட்டச்சாகும் இடத்திலேயே திருடலாம். உங்கள் தளத்தில் பணம் கட்டும் பக்கம் கேட்வேயின் சொந்தப் பக்கமாக இருப்பது ஒரு நல்ல காலம். ஆனால் வீட்டு முகவரிகளும் போன் நம்பர்களும் உங்களிடம்தான் இருக்கின்றன.

அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். தளத்துக்கு ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் ஓடவிட வேண்டும். அந்த நகலில் பையன் எழுதியதையெல்லாம் தனியே பிரித்து, அப்டேட்டில் அழியாத சைல்டு தீமில் வைத்து, பிஹெச்பி 8.3-க்கு ஏற்றி (அதற்கு 2027 கடைசி வரை திருத்தங்கள் வரும்), வூகாமர்ஸையும் பிளகின்களையும் (கூடுதல் வசதிக்காகச் சேர்த்த துணை மென்பொருள்கள்) புதுப்பித்து, உடைவதைச் சரிசெய்து, பிறகு கடைக்குக் கொண்டுவர வேண்டும். இருக்கும் பிளகின்களில் பாதி உங்களுக்குத் தேவையே இருக்காது என்பது என் ஊகம். கூடவே ஆர்டர்களைத் தனி அட்டவணைக்கு மாற்றச் சொல்லுங்கள். 2023 அக்டோபரில் வந்த வூகாமர்ஸ் 8.2 முதல் புதுக் கடைகளுக்கு அது தானாகவே அமைகிறது. உங்களைப் போன்ற பழைய கடையில் நாம்தான் போய் மாற்ற வேண்டும். ஏழு வருஷ ஆர்டரில் ஒரு பெயரைத் தேடினால் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அது குறையும். எல்லாம் சேர்த்து ஐம்பது, அறுபதாயிரத்துக்குள் முடிகிற வேலை என்பது என் கணிப்பு. தளத்துக்குள் போய்ப் பார்க்காமல் சொல்கிறேன், கூடக் குறைய இருக்கலாம்.

முழுக்கப் புதிதாகக் கட்ட வேண்டிய நாள் உங்களுக்கு வரவே வராது என்று சொல்லவில்லை. மறுபடி நோட்டைத்தான் எடுப்பேன். இரண்டாம் பக்கத்தில் வேறு மாதிரி வரிகள் இருக்கின்றன: "கல்யாண செட், கடையில போயிடுச்சு, சாரி சொல்லணும்." இப்படி நாலு. இது வெப்ஹூக் கதை இல்லை. கடையில் கல்லாவில் விற்றது தளத்துக்குத் தெரியவில்லை. நீங்கள் இறக்குவதில் பாதி, ஒன்றே ஒன்று உள்ள செட்டுகள். அதனால் இந்த வலி கூடிக்கொண்டேதான் போகும். பில் போடும் மென்பொருளும் தளமும் ஒரே சரக்குக் கணக்கைப் பார்க்க வேண்டும். வெப்ஹூக்கும் ஹோஸ்டிங்கும் சரியான பிறகு அடுத்த நவராத்திரியில் நோட்டு மெலிந்துபோய், இந்த வகை வரிகள் மட்டும் மிஞ்சினால் அதற்குச் செலவு செய்யுங்கள். அப்போதுகூட, பராமரிக்க ஆளே கிடைக்காவிட்டால் மாதக் கட்டணத் தளங்களுக்குப் போவதையும் யோசிக்கலாம். அங்கே அப்டேட் கவலை அவர்களுடையது. ஆனால் போனால் பக்க முகவரிகள் மாறும். பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டை எழுத்தில் கேட்டு வாங்காவிட்டால், ஏழு வருஷமாக கூகுளில் சேர்ந்த பெயரும் அமெரிக்காவில் இருக்கும் மாமிகள் சேமித்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் லிங்க்கும் ஒரே நாளில் செத்துப்போகும்.

மொபைல் ஆப் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை பொம்மை வாங்க யாரும் போனில் ஆப் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் ஹெட்லெஸ் என்று ஏதாவது சொல்லியிருந்தால் அதுவும் வேண்டாம். முகப்பு ஒன்று, பின்கட்டு ஒன்று என்று இரண்டைப் பராமரிக்க உங்களிடம் ஆள் ஏது?

யாரிடம் வேலை கொடுத்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள். உங்கள் டொமைன், அதாவது தளத்தின் முகவரி, யார் பெயரில் இருக்கிறது? புதுப்பிக்கும் ஓடிபி யார் போனுக்குப் போகிறது? சென்னையில் நான் பார்த்த சின்னக் கடைகளில் எத்தனையோ, தளம் போட்டுக் கொடுத்தவர் பெயரிலேயே இருக்கின்றன. உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பெங்களூரில் இருக்கும் பிள்ளை இன்னும் போனை எடுக்கிறார், அதுவே பெரிய விஷயம். பேக்கப் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். அதே சர்வரில் இருந்தால் அதை பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, நாள் பார்ப்பது. பல வருஷம் முன்னால் தி.நகரில் துணி விற்கிற ஒருவருக்கு, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு சர்வர் மாற்றிக் கொடுத்தேன். அவர் வற்புறுத்தினார், நானும் இளரத்தம், சரி என்றேன். கேட்வேயில் வெப்ஹூக் முகவரியை மாற்ற மறந்துவிட்டேன். இரண்டு நாள் பணமெல்லாம் பழைய சர்வருக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்தது. அவரும் நானும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, உங்கள் கடைப் பெண் எழுதுகிறாளே, அதே மாதிரி ஒரு நோட்டு எழுதினோம். அதிலிருந்து பண்டிகைக்கு எட்டு வாரத்துக்குள் எதையும் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். உங்களுக்குக் கார்த்திகை விளக்கு வியாபாரமும் முடிந்து இப்போது தை பிறந்திருக்கிறது. பங்குனிக்குள் வேலையை முடித்துவிடலாம். ஆடியில் பத்துப் பேரை ஒரே நேரத்தில் ஆர்டர் போடச் சொல்லி ஒத்திகை பாருங்கள். ஆவணி பிறந்து பொம்மைகள் இறங்கத் தொடங்கிவிட்டால், புதுப் படம் ஏற்றுவதையும் பாதுகாப்புத் திருத்தம் போடுவதையும் தவிர யாரையும் தளத்தில் கை வைக்க விடாதீர்கள்.

முதலில் அந்த ஒரு ரூபாய் ஆர்டர். போட்டுப் பார்த்து என்ன வந்தது என்று எழுதுங்கள். கேட்வேயின் டாஷ்போர்டில் வெப்ஹூக் பட்டியல் இருக்கும், அதையும் படமெடுத்து அனுப்புங்கள். பாஸ்வேர்டை மட்டும் எனக்கு அனுப்ப வேண்டாம்.